நான்காம் குழுவின் தண்ணீர்

இவெரனின் ஆய்வுக்கு நாற்பது எலிகளும் ஆயிரத்து இருநூறு முட்டைகளும் வேண்டியிருந்தன. எலிகளை எங்கள் விலங்குக் கூடத்திலேயே வளர்த்துக் கொடுத்தோம். முட்டைகளை அவள் வுருகும் என்ற சந்தையிலிருந்து வாடகை மோட்டார் சைக்கிளில் அட்டை அட்டையாகக் கொண்டுவந்தாள். சோளம், மீன்தூள், கடலைப் பிண்ணாக்கு என்று எலிக்கு எதைப் போட்டாலும் அதில் துத்தநாகம் இருக்கும். முட்டையின் வெள்ளைக்கருவில் மட்டும் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆகவே அவள் வெள்ளைக்கருவைப் பிரித்து உலர்த்திப் பொடித்தாள். மரவள்ளி மாவும் எண்ணெயும் உப்புகளும் சேர்த்துத் தீனி பிசைந்தாள். பாதித் தீனியில் துத்தநாக உப்பை அளந்து கலந்தாள். மறுபாதியில் கலக்கவில்லை.

மஞ்சள்கரு மிஞ்சியது. மூன்று வாரம் உயிர்வேதியியல் துறை முழுக்க மஞ்சள்கருப் பொரியல்தான்.

"ஓகா, இந்தம்மா டாக்டர் பட்டம் வாங்கறதுக்குள்ள நமக்கெல்லாம் மாரடைப்பு வந்துடும் பாருங்க" என்றான் ஓர்துவென். விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். பெரியவர் யாரையும் அவன் ஓகா என்றுதான் கூப்பிடுவான். என்னைவிட நான்கு வயது இளையவன்.

"யாரு உங்க கையப் பிடிச்சு ஊட்டினா?" என்றாள் இவெரன், முட்டையை உடைத்துக்கொண்டே.

"கொடுக்கறத வேண்டாம்னு சொன்னா எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அடிப்பா மேடம்."

"அப்ப தின்னுட்டுப் பேசாம இருங்க, தெர் செம்பெர்."

தெர் செம்பெர் என்றால் செம்பெரின் அப்பா. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவனைப் பிள்ளையின் பெயரால் அழைப்பது மரியாதை. ஓர்துவெனையும் எட்டு வருடம் அப்படித்தான் அழைத்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் செம்பெர் இறந்தபோது எங்களுக்கு நாக்குக் கூசியது. ஒருவர் பின் ஒருவராக ஓர்துவென் என்று பழைய பெயருக்குத் திரும்பினோம். அவனுக்கு வேறு பிள்ளை இல்லை. இவெரன் மட்டும் விடவில்லை. "செத்துட்டா அப்பா இல்லன்னு ஆயிடுமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள்.

நான் அந்தத் துறையின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். மக்குர்திப் பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடமாக இரத்தச் சாற்றில் நிறத்தை அளந்து நொதிகளின் வேகத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பது என் வேலை. எத்தனையோ ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். இவெரனைப் போல் அடிபட்டவள் யாருமில்லை. ஆய்வுக்குப் பதிவு செய்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஆசிரியர் வேலைநிறுத்தங்கள் அதில் இரண்டரை வருடத்தைத் தின்றன. முதல் ஆய்வில் எலிகள் நோய் வந்து செத்தன. இரண்டாம் ஆய்வில் மின்சாரம் ஐந்து நாள் போய், உறைபெட்டியில் வைத்த இரத்தம் அழுகியது. இரண்டு முறை கால நீட்டிப்புக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது கிடையாது. அக்டோபர் முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. காலையில் எங்களோடு இருப்பாள். பிற்பகல் ஆற்றைக் கடந்து வடகரையில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போவாள். அந்தச் சம்பளத்தில்தான் முட்டை வாங்கினாள்.

அவள் கேட்ட கேள்வி எளிமையானது. துத்தநாகம் இல்லாவிட்டால் சில நொதிகள் வேலை செய்யாது. வண்டியில் சாவியை எடுத்த மாதிரி நின்றுவிடும். நீரிழிவு வந்த உடம்பு சிறுநீரோடு துத்தநாகத்தை ஏராளமாக இழக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் கிழங்கும் மாவும்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள். அதில் துத்தநாகம் குறைவு. நீரிழிவுக்காரனுக்கு உணவிலும் துத்தநாகம் இல்லையென்றால் நொதிகள் என்ன ஆகும்? இதுதான் கேள்வி. பத்துப் பத்தாக நான்கு குழுக்கள். முதல் குழு ஆரோக்கியமானது, துத்தநாகம் உண்டு. இரண்டாவது ஆரோக்கியமானது, துத்தநாகம் இல்லை. மூன்றாவது நீரிழிவு, துத்தநாகம் உண்டு. நான்காவது நீரிழிவு, துத்தநாகமும் இல்லை. மொத்த ஆய்வும் இந்த நான்காம் குழுவின் தலையில் நின்றது.

எலிகளுக்கு நீரிழிவை வரவழைக்கும் ஊசியைப் போட்ட அன்று ஓர்துவென்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தான். அதற்கு முன் இவெரனிடம் கேட்டான்.

"மேடம், இது சின்னப் பிள்ளைங்களுக்குப் பிரயோசனப்படுமா?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "உடனே படாது. இது ஒரு செங்கல். இன்னும் நூறு பேர் நூறு செங்கல் வைக்கணும்."

"செங்கல்னாலும் சரி" என்றான். "செம்பெர் பேர்ல நான் ஒண்ணு தூக்கிக் கொடுத்தேன்னு இருக்கட்டும்."

அதன்பின் அந்த ஆய்வு அவனுடையதும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் கூடத்துக்கு வந்து எலிகளைப் பார்த்துவிட்டுப் போவான்.

செம்பெரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எட்டு வயது. மார்ச் மாதம், ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. பெண் ஓயாமல் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள். வெயிலுக்குத்தான் என்று நினைத்தார்கள். படுக்கை நனைவதை நிறுத்த மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர்ப் பானையை ஓர்துவென் பூட்டி வைத்தான். அண்டை வீட்டார் சொன்ன யோசனை அது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது. பெண் மெலிந்தாள். மருந்தகத்தில் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியபோது பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். வரிசையில் உட்கார்ந்திருக்கையில் தண்ணீர் கேட்டாள். டாக்டர் பார்க்கட்டும், அப்புறம் தருகிறேன் என்றான். சர்க்கரை பார்க்கும் கருவி எண்ணே காட்டவில்லை. அதன் அளவைத் தாண்டியிருந்தது. மறுநாள் பிற்பகல் போய்விட்டாள்.

அப்போது அவன் விலங்குக் கூடத்தில் சேர்ந்து பதினைந்து வருடம். எத்தனையோ ஆய்வுகளில் நீரிழிவு எலிகளைப் பராமரித்து, கூண்டு கூண்டாகத் தினமும் எழுதியவன்: தண்ணீர் அதிகம் குடிக்கிறது, சிறுநீர் அதிகம் போகிறது, எடை குறைகிறது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "பதினஞ்சு வருஷமா எலிகிட்ட பாத்திருக்கேன் ஓகா. என் வீட்டுல தெரியல."

இவெரனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் அவனிடம் அந்த எலிகளை ஒப்படைத்தாள். வேறு யாரும் அவற்றை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள்.

அவளுடைய விதிகள் கடுமையானவை. இரும்புக் கூண்டு கூடாது. அதன் பூச்சில் துத்தநாகம் உண்டு, எலி கம்பியைக் கடித்தால் போயிற்று. பிளாஸ்டிக் பெட்டிகள்தான். தண்ணீர்ப் புட்டியின் ரப்பர் மூடியில்கூடத் துத்தநாகம் இருக்குமென்று சிலிக்கோன் மூடி வாங்கினாள். குழாய்த் தண்ணீரைக் கண்ணில்கூடக் காட்டக்கூடாது. "குழாய்த் தண்ணி ஒரு சொட்டு உள்ள போனாலும் என் எட்டு வருஷம் போச்சு, தெர் செம்பெர்" என்று ஓர்துவெனிடம் சொன்னாள். காய்ச்சி வடித்தெடுத்த தண்ணீர் மட்டுமே. அதை வடிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஒரு நாளில் மூன்று மணி நேரம் வந்தால் அதிசயம். வரும்போதெல்லாம் ஓடிப்போய் வடிகலனை ஓடவிடுவாள். அப்படிச் சேர்த்ததை அளந்து, நீரிழிவு எலி ஒன்றுக்கு நாளைக்கு நூறு மில்லி என்று காலையில் ஊற்றுவாள். அந்த நூறு என்ற எண்ணைக் குளிர் நாட்டுக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்திருந்தாள்.

இருபத்தெட்டு நாட்கள் ஓடின. இரண்டாம் குழு எலிகளுக்கு எதிர்பார்த்தபடியே முடி உதிர்ந்தது. வாயோரம் புண் வந்தது. நான்காம் குழு அதைவிட மோசமாக இருக்கும் என்று நினைத்தோம். முதல் பத்து நாள் அப்படித்தான் போயிற்று. பிறகு அவற்றின் தோல் தேறியது.

"பாத்தீங்களா ஓகா, எல்லாம் தெளிவா இருக்கு" என்று ஓர்துவென் ஒரு எலியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை.

"கையில வச்சுக் கொஞ்சாதய்யா, நாளைக்கு வெட்டணும்" என்றேன்.

"வெட்டறப்ப வெட்டுவோம். இன்னிக்கு நல்லா இருக்கட்டுமே."

செப்டம்பர் கடைசியில் எலிகளைக் கொன்று இரத்தம் எடுத்தோம். துத்தநாகம் இல்லாமல் வேலை செய்யாத காரப் பாஸ்படேஸ் என்ற நொதியை முதலில் அளந்தேன். நொதி வேலை செய்தால் குழாயிலுள்ள திரவம் மஞ்சளாகும். எவ்வளவு வேலையோ அவ்வளவு மஞ்சள். இரண்டாம் குழுவின் குழாய்கள் வெளிறிப்போய் இருந்தன. நான்காம் குழுவின் குழாய்கள் மூன்றாம் குழுவைப் போலவே பளிச்சென்று மஞ்சளாயின. திரும்ப அளந்தேன். இவெரன் புதிதாகச் சோதனைத் திரவம் கலக்கி அவளே அளந்தாள். அதே மஞ்சள்.

பேராசிரியர் அன்யாம் அவளுடைய வழிகாட்டி. நல்ல மனிதர், ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. தாளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அம்மணி, இது புதுசு. நீரிழிவு வந்த உடம்பு துத்தநாகப் பஞ்சத்தைத் தாங்குது! எலும்புல சேத்து வச்சிருக்கறத எடுத்து செலவழிக்குது போல. வெளிநாட்டுக்காரன் ஓடி வருவான் பாரு."

"எனக்கு நம்பிக்கை இல்ல சார்."

"உனக்கு எட்டு வருஷமா அடி வாங்கி வாங்கி நல்லது நடந்தாலும் கன்னத்தத் தடவிப் பாக்கற வியாதி. எழுது."

அவள் எழுதத் தொடங்கினாள். கூடவே, கையிலிருந்த கடைசிப் பணத்தில் இரத்தச் சாற்றை அபுஜாவிலுள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அங்கே உலோகத்தை அளக்கும் கருவி உண்டு. அக்டோபர் இரண்டாம் வாரம் முடிவு வந்தது. நான்காம் குழுவின் இரத்தத்தில் துத்தநாகம் குறையவே இல்லை. முதல் குழுவின் அளவுக்கு இருந்தது.

என் அறையில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேசையில் நான் வாங்கிவைத்த பயறு வடை ஆறிப்போயிற்று.

"எங்கிருந்தோ வந்திருக்கு அண்ணே" என்றாள். "எலும்புலேர்ந்து இவ்வளவு வராது. வாய் வழியா உள்ள போயிருக்கு."

"தீனியில தப்பு இருந்தா ரெண்டாம் குழுவுக்கும் போயிருக்கும். அதே தீனிதானே?"

"அதே தீனி. அதே பெட்டி, அதே புட்டி." விரல்களை மடக்கினாள். "வித்தியாசம் ஒண்ணுதான். இதுங்க நிறையக் குடிக்கும்."

ஓர்துவெனிடம் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை.

"இவெரன், கேக்காத. பேராசிரியர் ஒரு காரணம் சொல்லிட்டார். இந்தத் தாள் உன்கிட்டயும் என்கிட்டயும்தான் இருக்கு. இன்னும் பதினேழு நாள். ஏட்டைக் கொடு, பட்டத்த வாங்கு. அப்புறம் ஆற அமரத் திரும்பச் செஞ்சு பாத்துக்கலாம்."

"அப்புறம் யாராவது நீரிழிவுக்காரனுக்குத் துத்தநாகம் தேவையில்லன்னு என் ஏட்டக் காட்டுவான்."

"உன் ஏட்ட எவன் படிக்கப் போறான்?"

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "அதுவும் சரிதான்" என்று எழுந்து விலங்குக் கூடத்துக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

ஓர்துவென் காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலில் கோபமோ அவசரமோ இல்லை.

"தெர் செம்பெர், நீரிழிவு எலிங்களுக்கு நான் ஊத்தற தண்ணி எத்தன மணி வரைக்கும் வரும்?"

"ரெண்டு மணிக்கெல்லாம் காலி மேடம். சில நாள் ஒரு மணிக்கே."

"அதுக்கப்புறம்?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். ஒளிப்பதற்கு எதுவும் இல்லாதவன் பேசுவதைப் போல, சொல்ல மறந்த ஒரு சின்ன வேலையைச் சொல்வதைப் போலச் சொன்னான்.

"மழைத் தண்ணி கொடுத்தேன். குழாய்த் தண்ணி ஒரு சொட்டுகூட இல்ல, ஆண்டவன் சத்தியமா. மேலேர்ந்து வர்ற தண்ணிதான். பாட்டரி சார்ஜ் பண்றவன்லாம் வடிச்ச தண்ணிக்குப் பதிலா அதத்தான் ஊத்தறான், சுத்தமான தண்ணி. மழை பெஞ்ச உடனே பிடிக்க மாட்டேன். அழுக்குப் போகட்டும்னு பத்து நிமிஷம் விட்டுட்டு, நீங்க சொன்ன மாதிரி வாளிய மூணு தடவ அலசி, அப்புறம் பிடிப்பேன்."

"எங்க பிடிச்சீங்க?"

"இங்கதான். கூரை ஓரத்துல."

நானும் இவெரனும் நிமிர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஏப்ரலில் சூறைக்காற்று பழைய கூரையைப் பிய்த்துக்கொண்டு போய், புதுத் தகரம் போட்டிருந்தார்கள். துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய தகரம். இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் அதுதான் கூரை. நானும் அதன் கீழேதான் தூங்குகிறேன். எட்டு வருடம் துத்தநாகத்தையே நினைத்துக்கொண்டிருந்த இவெரனுக்கும் தலைக்கு மேலிருந்தது தோன்றவில்லை.

"எத்தன நாள்?"

"பத்தாம் நாள்லேர்ந்து கடைசி வரைக்கும். தினம்." அவன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். "என்ன மேடம்? நோட்டுல அதுக்குக் கட்டம் இல்ல, அதான் எழுதல. காலிப் புட்டியோட துளைய நக்கிட்டே இருந்துச்சுங்க. மூஞ்சிய அதுல வச்சு... டக் டக்னு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தத்த..." நிறுத்திவிட்டான்.

நான் வாளியில் மிச்சமிருந்த மழைநீரைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். ஒரு பச்சைத் திரவம் உண்டு. துத்தநாகம் பட்டால் சிவக்கும். வடித்த தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கினேன், பச்சையாகவே இருந்தது. மழைநீரோடு குலுக்கினேன். கை நிற்பதற்குள் சிவந்துவிட்டது. பின்னாலேயே வந்து நின்ற இருவரும் அதைப் பார்த்தார்கள். இவெரன் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். நீரிழிவு எலி ஆரோக்கியமான எலியைப் போல ஐந்து மடங்கு குடிக்கிறது; எவ்வளவு தாகமோ அவ்வளவு துத்தநாகம். உடம்புக்கு வேண்டியதைவிட அதிகமாகவே போயிருந்தது. அதனால்தான் முடி வளர்ந்தது, தோல் ஆறியது, நொதி வேலை செய்தது.

ஓர்துவெனுக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"நான் கெடுத்துட்டேன்."

இவெரன் கணக்குத் தாளை மடித்தாள்.

"செம்பெர் பேர்ல செஞ்சத நானே கெடுத்துட்டேன்."

"நீங்க என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் அவள். குற்றம் சாட்டுகிறாளா, வேண்டிக்கொள்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நீங்க கேட்டீங்களே மேடம்" என்றான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிரவு ஏட்டில் நான்காம் குழு வரும் அத்தியாயங்களை எல்லாம் அடித்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. அடித்தபின் எஞ்சியது ஏடே அல்ல. ஊருக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லும் நாற்பது பக்கம்.

அக்டோபர் கடைசி வியாழக்கிழமை, பதிவுகளை முடிவு செய்யும் பல்கலைக்கழகக் குழு கூடியது. நானும் பின்வரிசையில் இருந்தேன். இவெரன் நின்றுகொண்டு, தண்ணீரில் துத்தநாகம் கலந்ததால் நான்காம் குழு செல்லாது என்றாள். தண்ணீரின் அளவைக் குறைவாகக் கணக்கிட்டது தன் தவறு, பிற்பகலில் என்ன நடக்கிறது என்று பார்க்காதது தன் தவறு என்றாள். ஓர்துவென் பெயரைச் சொல்லவில்லை. இன்னும் மூன்று மாதம் கொடுத்தால் அந்த ஒரு குழுவை மட்டும் திரும்பச் செய்துவிடலாம் என்று கேட்டாள்.

கதவருகே நின்ற ஓர்துவென், யாரும் கூப்பிடாமலேயே உள்ளே வந்தான். கூடத்துக் காலணியோடு வந்துவிட்டான்.

"தண்ணி ஊத்துனது நான். அவங்களுக்குத் தெரியாது. என்னை வேலைய விட்டுத் தூக்குங்க, அவங்களுக்கு மூணு மாசம் கொடுங்க."

யாரோ சிரித்தார்கள். தலைவர், "உன் வேலையும் அந்தம்மா பதிவும் தராசுத் தட்டாப்பா? போ, போய் எலியப் பாரு" என்றார். பேராசிரியர் அன்யாம் அரை மணி நேரம் வாதாடினார். விதி ஒன்பது வரி. அதில் இடம் இல்லை. பதிவு ரத்தாயிற்று.

மறுநாள் பகல் அவள் தன் பொருள்களை எடுத்துப்போக வந்தாள். வடிகலன் துறையுடையது, சிலிக்கோன் மூடிகள் அவளுடையவை. நாற்பதையும் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஓர்துவென் அடுத்த மாணவனுக்கான எலிகளுக்குப் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தான். நான் எதற்காக அங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல முழு நேரம் கேட்டிருக்காங்க. எட்டாம் வகுப்பு. உலோகங்கள்." உதட்டைக் கோணினாள். "நல்லா நடத்துவேன்னு நெனைக்கிறேன்."

ஓர்துவென் பெட்டியைக் கீழே வைத்தான். அவளுக்கு எதிரே வந்து நின்றான். இரண்டு வாரமாக அவர்கள் பேசியிருக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்தத் தண்ணி குடிச்சு எலிங்க தேறிச்சுல்ல? அந்தத் துத்தநாகத்த அப்பவே கொடுத்திருந்தா, செம்பெர்..."

அவள் மூடிகளை எண்ணுவதை நிறுத்தினாள். ஆம் என்றோ, யாருக்குத் தெரியும் என்றோ சொல்லியிருக்கலாம். அவனை ஏமாற்றினால் இழக்க அவளிடம் இனி ஒன்றும் இல்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"இல்ல, தெர் செம்பெர். எலிங்களுக்குத் தோல்தான் தேறிச்சு. சர்க்கரை குறையல. அவளுக்கு வேண்டியிருந்தது இன்சுலின். வேற எதுவும் காப்பாத்தியிருக்காது."

"தண்ணி?"

"தண்ணியும் காப்பாத்தியிருக்காது."

அவன் தலையசைத்தான். பிறகும் நகரவில்லை.

"காப்பாத்தறதக் கேக்கல மேடம். அது எனக்குத் தெரியும். தண்ணி கொடுத்திருந்தா தாகம் தணிஞ்சிருக்குமா?"

எட்டு வருடம் அந்த நோயின் தாகத்தைப் பக்கம் பக்கமாக எழுதியவள் அவள். கையிலிருந்த மூடியைப் பையில் போட்டாள்.

"முழுசாத் தணியாது" என்றாள். "குடிச்சதும் கொஞ்ச நேரத்துக்குத் தணிஞ்சிருக்கும்."

"கொஞ்ச நேரத்துக்கு."

"ஆமா."

அவன் எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. இவெரன் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவனைத் தொடவில்லை. இரண்டரை மணிக்கு அவளுக்கு வடகரையில் வகுப்பு இருந்தது. அவள் போகவில்லை.